இருமல் கேட்கிறது, சலங்கை கேட்கவில்லை

கணினியில் தேனாகக் கேட்கும் சத்தம், திரையோடு சேர்த்துப் பதிவு செய்தவுடன் ஏன் தகர டப்பாவாகிவிடுகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் என் தொழில்.

இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதை என் மாமியார் வீட்டில் இன்னும் நம்பவில்லை. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "கண்டி டவுன்ல கம்ப்யூட்டர் கடை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நீங்கள் அப்படி இல்லை. நீங்களும் பட்டவர்கள். ஒன்லைன் வகுப்பையோ, வெளிநாட்டிலிருக்கும் அக்காவின் வளைகாப்பையோ திரையில் ஓடவிட்டு, மறக்காமல் பதிவுப் பொத்தானை அழுத்தி, முடிந்ததும் ஆசை ஆசையாகப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். சத்தமோ, யாரோ தண்ணீர்த் தாங்கிக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருந்திருக்கும். அந்த நேரத்தில் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதை அப்படியே சுமந்துகொண்டு எங்கள் கடை மாடிப்படி ஏறி வருபவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கழற்ற முடியாத சாமான்

எங்கள் கடை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சும்மா சாப்பாட்டுக் கடை இல்லை, கொத்து ரொட்டிக் கடை. பின்னேரமானால் இரும்புக் கல்லின் மேல் ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகளும் ஆட ஆரம்பித்துவிடும். எங்கள் தரை அதிரும். சத்தத்தைச் சோதித்துப் பார்க்கிற கடைக்கு இதைவிடத் தோதான இடம் இலங்கையில் கிடைக்காது. அதனால் காதால் கேட்டுச் செய்யவேண்டிய வேலையை எல்லாம் காலையிலேயே முடித்துவிடுவேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் பின்னேரத்தில்தான் வருவார்கள்.

என் கூட்டாளி ரமீஸ், அலவத்துகொடக்காரன். போன், லெப்டொப் எதைக் கொடுத்தாலும் கழற்றி, துடைத்து, பூட்டி, ஓடவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பான். திருகாணி இல்லாத எதையும் அவன் மதிப்பதில்லை. ஒருநாள் ஒரு பெண்ணின் லெப்டொப்பை வைத்துக்கொண்டு காலை முழுதும் செட்டிங்ஸைக் குடைந்தேன். கடைசியில் ஒரு சின்னப் பெட்டியில் இருந்த 'டிக்'கை எடுத்தேன், சத்தம் மணி மாதிரி வந்தது. அந்தப் பெண் சந்தோஷமாகப் போய்விட்டார். ரமீஸ்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"கழட்டிப் பாக்க ஏலாத சாமானுக்கு எப்பிடி மச்சான் ரிப்பேர்?"

இருமல் மட்டும் சுத்தம்

பவானி டீச்சர் முதன்முதலில் வந்ததும் ஒரு பின்னேரம்தான். யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்குப் பேராதனையில் வேலை என்பதால் கண்டிக்கு வந்து தங்கியவர். பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறார், அதிகமும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடியோ கோலில். வகுப்பைத் திரையோடு பதிவு செய்து வைத்து, பிறகு ஆறுதலாகப் பார்த்துப் பிழை திருத்துவது அவர் பழக்கம். லெப்டொப்பை என் மேசையில் வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"பாட்டு கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி வருது தம்பி. பிள்ளையின்ரை சலங்கை கேக்கவே இல்லை. ஆனா பக்கத்து அறையில என்ரை மனுசன் இருமினது மட்டும் அப்பிடியே சுத்தமாக் கேக்குது" என்றார்.

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அவர் முகம் சிரிக்கிற மாதிரி இல்லை. பிள்ளையின் பெயர் அபிராமி, லண்டனில் இருக்கிறாள். ஒன்லைன் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து இவரிடம்தான் பழகுகிறாள். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பார்த்தாயிற்று. டீச்சர் "சரி" என்று ஒரு சொல் சொன்னால்தான் தாய் மண்டபத்தை உறுதி செய்வார். குரு சொல்லாமல் அரங்கேற்றம் இல்லை, அது அவர்கள் வழக்கம். டீச்சருக்கோ அந்தச் சொல் வாயில் வரவில்லை. முன்பெல்லாம் நன்றாக ஆடிய பிள்ளை, இந்த வருடம் பாட்டுக்கு முந்தி முந்திக் காலை வைக்கிறாள். ஏசினால் கொஞ்ச நாள் சரியாக வரும், பிறகு மறுபடி முந்துவாள். தாளம் நிற்காத பிள்ளையை மேடை ஏற்ற முடியாது. வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒரு வகுப்பையாவது ஒழுங்கான சத்தத்தோடு கேட்டுவிட வேண்டும், நியாயமில்லாமல் ஒரு பிள்ளையின் ஆசையை முறிக்கக்கூடாது என்பதுதான் அவர் கவலை.

லெப்டொப்பைத் திறந்து பார்த்தேன். பதிவு செய்யும் மென்பொருள் கணினிக்குள் ஓடும் சத்தத்தை எடுக்கவே இல்லை. ஸ்பீக்கரில் வெளியே வந்து, அறையெல்லாம் சுற்றி, மைக்கில் போய் விழுந்ததைத்தான் எடுத்திருக்கிறது. இதைப் போல எத்தனையோ பார்த்தவன் நான். கணினியின் சத்தத்தையும் சேர்த்து எடுக்கும்படி வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். பளிச்சென்று கேட்டது. டீச்சர் தலையாட்டினார். கீழே கொத்து தொடங்கியிருந்தது. எழுந்து படியருகே போனவர் அங்கேயே நின்று அந்தக் கொத்துச் சத்தத்தைக் கேட்டார்.

"கீழ கொத்துப் போடுறவருக்குக் கூடத் தாளம் நிக்குது தம்பி. என்ரை பிள்ளைக்கு நிக்குதில்லை."

பாண் வண்டி அடையாளம்

பிலிமத்தலாவையில் கணக்குப் பாடம் நடத்தும் சேர் ஒருவர். வீடு கொழும்பு வீதியோரம். படம் போட்டு விளக்கும் பாட வீடியோக்களைக் கணினியில் ஓடவிட்டு, இடையிடையே தானும் பேசி, எல்லாவற்றையும் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புவார். இங்கேயும் அதே கதை. வீடியோவின் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து மைக்குக்குள் போகும். போகிற வழியில் பஸ் ஹோர்னையும், குக்கர் விசிலையும், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கும் த்ரீவீலையும் கூட்டிக்கொண்டு போகும். சேர் மைக்குக்குச் சொக்ஸ் மாட்டிப் பார்த்திருக்கிறார். யன்னலுக்கு மெத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். பாண்காரரிடம் போய், என் வாசலில் மட்டும் பாட்டை நிறுத்துங்கள் என்று கேட்டும் இருக்கிறார். பாட்டு இல்லாமல் பாண் விற்காது என்று அவர் சொல்லிவிட்டாராம்.

நான் போய், கணினியின் சத்தம் வெளியே வராமல் உள்ளேயே பதிவாகும்படி வைத்தேன். சேர் பேசும் நேரத்தில் மட்டும் மைக் திறக்கும். முதல் பாடத்தைப் போட்டுக் கேட்டோம். பஸ்ஸும் இல்லை, பாணும் இல்லை. அப்படி ஒரு அமைதி. பதிவு நேரத்தில் குரைக்கும் வீட்டு நாயைக் கூட இனி வெளியே கட்டத் தேவையில்லை என்று சேர் மகிழ்ந்து, பிளேன்டீயும் பணிஸும் தந்து அனுப்பினார்.

அடுத்த கிழமை போன் வந்தது. பிள்ளைகள் புகார் செய்கிறார்களாம். பாண்காரர் ஒவ்வொரு பாடத்திலும் நடுவில் தவறாமல் வருவதால், அவரை வைத்துத்தான் இத்தனை நாளும் அவர்கள் கணக்கைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 'பாணுக்கு முந்தின கணக்கு', 'பாணுக்குப் பிந்தின கணக்கு' என்றுதான் வகுப்பில் பேச்சே. இப்போது ஒருவருக்கும் எந்த இடம் என்று தெரியவில்லை.

"தம்பி, பாடம் ரொம்பத் தெளிவா இருக்காம், ஆனா அந்தப் பாண் வண்டிய மட்டும் திரும்பப் போட்டுக் குடுக்க ஏலுமான்னு கேக்குதுங்க."

எல்லாம் இரண்டு தரம்

பாண் வண்டிக்கு வழி யோசித்துக்கொண்டிருந்தபோதே பவானி டீச்சரின் போனும் வந்தது. நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எடுத்தேன். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைப்பு.

புதுப் பதிவில் பாட்டு தெளிவாகத்தான் இருந்ததாம். ஆனால் ஒவ்வொரு அடியும் இரண்டு தரம் விழுகிறதாம். தை என்றால் தை தை. மிருதங்கம் ஒன்று வாசித்தால் பின்னாலேயே இன்னொன்று எட்டி வந்து அதையே வாசிக்கிறதாம். சலங்கை இப்போதும் இல்லையாம். எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. காரணம் தெரியாவிட்டால் பழியை இணைய இணைப்பின் மேல் போட்டுவிடலாம். "லைன் ஸ்லோவா இருக்கும் டீச்சர், மழை வேற பெய்யுது" என்றேன். கண்டியில் இதைச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். டீச்சர் மறுத்தார். மழை இரண்டு தரம் பெய்யாது என்றார்.

வருகிற சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தாய்க்குப் பதில் சொல்லியாக வேண்டும், மண்டபத்துக்காரர்கள் அதற்கு மேல் பொறுக்கமாட்டார்கள் என்பதையும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்க லேசாக இருந்திருக்கும். சனிக்கிழமை நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றேன்.

"வாங்கோ தம்பி. முந்தி ஒவ்வொரு பிழையும் ஒருக்காத்தான் கேட்டது, இப்ப ரெண்டு தரம் கேக்குது."

மேளத்தை விழுங்கிய கணினி

இடையில் கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா முடிந்து, அதன் பொருளாளர் அண்ணன் லெப்டொப்போடு வந்து சேர்ந்தார். திருவிழாவை நேரலையாக விட்டு, அதையே திரையில் ஓடவிட்டுப் பதிவும் செய்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு. பதிவைப் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புகிறது. தவில்காரர் வியர்த்துக் கொட்ட அடிக்கிறார். சத்தம் மட்டும் இல்லை. நாதஸ்வரம் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தால் முதலில் கொஞ்சம் கேட்டு, பிறகு காற்றுப் போன பலூன் போலச் சுருங்கி மறைந்துவிடுகிறது.

காரணம், பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி. அது மனிதப் பேச்சை மட்டும் முக்கியம் என்று நினைத்து வைத்துக்கொள்ளும். மின்விசிறியும் அதற்கு ஒன்றுதான், தவிலும் ஒன்றுதான். அதனால் அன்றைக்குக் கோயிலில் தெளிவாகப் பதிவானது, கமிட்டிக்காரர்கள் லெப்டொப்புக்குப் பக்கத்தில் நின்று பேசிய பேச்சுத்தான். கனடாவில் இருக்கும் உபயகாரர் ஒருவரைப் பற்றி, அவர் பெயர் போட்ட பலகை எவ்வளவு பெரிது, அவர் கொடுத்த திரைச்சீலை எவ்வளவு சிறிது என்று ஒரு நீண்ட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஒரு சொல் சிதறவில்லை. சாமி புறப்பாட்டின் மேல் அந்தக் குரல்கள் அர்ச்சனை மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வசதியை எப்படி அணைப்பது என்று காட்டிக்கொடுத்தேன். முடிந்துபோன திருவிழாவுக்கு நான் என்ன செய்வது? உபயகாரர் முழுவதையும் பார்த்துவிட்டாராம். பார்த்துவிட்டு போனில் சொன்னதை அண்ணன் அப்படியே ஒப்பித்தார்.

"மேளம் கேக்கலைன்னா பரவாயில்லப்பா, என்னைப் பத்திப் பேசினது அவ்வளவும் நல்லாக் கேட்டுச்சு."

வாப்பா பேசாத கலியாணம்

அதே கிழமை ரமீஸின் மாமி வீட்டிலிருந்தும் அழைப்பு. மாமியின் மகளுக்கு அலவத்துகொடவில் கலியாணம் நடந்திருந்தது. மாமியின் கணவர் கட்டாரில். லீவு கிடைக்கவில்லை. விருந்தன்று வீடியோ கோலில் வந்து மகளுக்கும் மருமகனுக்கும் புத்தி சொல்லியிருக்கிறார். எல்லோரும் பார்க்கவேண்டும் என்று லெப்டொப்பைப் பெரிய டிவியோடு இணைத்திருந்தார்கள். சத்தம் டிவியில் வந்தது. பதிவு செய்யும் மென்பொருளோ லெப்டொப்பின் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு தவம் கிடந்தது. அங்கே ஒரு சத்தமும் வரவில்லை, அதுவும் ஒன்றையும் எடுக்கவில்லை.

ஆகவே பதிவில் வாப்பாவின் வாய் அசைகிறது. கை அசைகிறது. கண்ணைத் துடைக்கிறார். இந்தப் பக்கம் மைக்கில் விழுந்ததெல்லாம் பிரியாணி சஹன் தட்டைச் சுற்றி இருந்தவர்களின் கூச்சலும், ஒரு குழந்தையின் அழுகையும். மணப்பெண் இதைப் பார்த்து அழுதுவிட்டாளாம். எனக்கும் சங்கடமாக இருந்தது. பதிவாகாத சத்தத்தை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. கடைசியில் ரமீஸ்தான் யோசனை சொன்னான். வாப்பாவையே மறுபடி பேசி அனுப்பச் சொல்லலாம். அவரும் அனுப்பினார், முதலில் பேசியதைவிட இரண்டு மடங்கு நீளமாக. அதை வெட்டி ஒட்டிப் படத்தில் சேர்க்கலாமா என்று மாமியிடம் கேட்டேன். மாமி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார்.

"அத மகளுக்கு வேறயாக் குடுங்க மகன், படம் இப்பிடியே ஈக்கட்டும், எங்கட ஊட்டுல அவர் வாயத் தொறக்காம முடிஞ்ச ஒரே விஷயம் இதுதான்."

அலுமாரியின் மேல் இருந்தது

சனிக்கிழமை பின்னேரம் பேராதனை வீதியில் இறங்கி, மேடேறி, மூச்சு வாங்க டீச்சர் வீட்டுக்குப் போனேன். லண்டனில் அப்போது காலை. ஹாலில் லெப்டொப், பக்கத்தில் தாளம் போடும் தட்டுக்கழி, சுவரோடு ஒரு அலுமாரி. அதன் மேல் கறுப்பாக, உருண்டையாக ஒரு புளூடூத் ஸ்பீக்கர். இதைக் கடைக்கு அவர் கொண்டு வரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. என்னைக் கண்டதும் அது தன் நீல விளக்கைச் சிமிட்டியது.

"அபிராமியின்ரை அம்மா தந்தது. போன வருசக் கடைசியில ஊருக்கு வரேக்க கொண்டு வந்தவ. எனக்குப் பாட்டு வடிவாக் கேக்கவேணுமாம்" என்றார் டீச்சர்.

இரண்டு தரம் கேட்டதற்குக் காரணம் விளங்கிவிட்டது. கணினியின் சத்தம் உள்ளே நேராக ஒரு தரம் பதிவாகிறது. அதே சத்தம் காற்றில் கடந்து அந்த ஸ்பீக்கருக்குப் போய், அங்கிருந்து ஒலித்து, மைக்கில் விழுந்து இன்னொரு தரம். மைக்கைப் பதிவிலிருந்து எடுத்தேன். எதிரொலி போய்விட்டது. அடுத்தது சலங்கை. கோயிலில் மேளத்தை விழுங்கிய அதே வசதிதான் லண்டனிலும் சலங்கையை விழுங்குகிறது என்று சந்தேகம். அந்த வீடியோ கோலிலேயே அபிராமியின் தாயை அழைத்து, பின்னணி இரைச்சலை நீக்கும் வசதியை அணைக்கச் சொன்னேன். அபிராமி காலை ஒரு தட்டுத் தட்டினாள். அலுமாரியின் மேலிருந்து சலங்கை சலசலவென்று கொட்டியது. டீச்சரின் முகத்தைப் பார்க்கவேண்டும் நீங்கள். இந்த வருடம் முழுதும் கேட்காத சத்தம் அது.

பாட்டை அபிராமி தன் பக்கத்தில் ஓடவிட்டு ஆடத் தொடங்கினாள். எனக்கு நாட்டியம் தெரியாது. ஆனாலும் திரையில் கால் விழுகிற போது பாட்டின் அடியும் விழுகிறது என்பது தெரிந்தது. அப்பாடா, பிள்ளை தப்பித்தாள் என்று நினைத்தேன். டீச்சர் தட்டுக்கழியை மடியில் வைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"காலிலதானே தம்பி சலங்கை கட்டியிருக்கு, அது எப்பிடிக் கால் விழுந்து முடிஞ்ச பிறகு கேக்கும்?"

லண்டனிலிருந்து வந்த பதில்

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புளூடூத் ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கி வெளியே விடக் கொஞ்சம் சுணங்கும். செய்தி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சினிமா பார்த்தால் உதடும் பேச்சும் ஒட்டாதது போல ஒரு சந்தேகம் வரும், அவ்வளவுதான். நாட்டியத்தில் அந்தச் சுணக்கம் போதும், ஒரு பிள்ளையைத் தாளம் இல்லாதவள் ஆக்கிவிட. சலங்கையும் கேட்காததால், திரையில் தெரிகிற காலைப் பாட்டோடுதான் டீச்சர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பாட்டோ பிந்தி வந்திருக்கிறது. சரியாக விழுந்த கால், முந்தி விழுந்த கால் ஆகிவிட்டது. சத்தம் நன்றாகக் கேட்கவேண்டும் என்று தாய் அன்போடு வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர்தான் மகளைப் பிழைகாரி ஆக்கியிருக்கிறது.

ஸ்பீக்கரை அணைத்தேன். லெப்டொப்பின் சொந்தச் சத்தத்திலேயே மறுபடி ஆடச் சொன்னோம். இப்போது காலும் சலங்கையும் ஒன்றாக விழுந்தன. ஆனால் இரண்டுமே பாட்டுக்குப் பிந்தி விழுந்தன. திருத்த வந்து கெடுத்துவிட்டேனா? இணைய இணைப்பின் மேல் பழி போட வாயெடுத்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த தட்டுக்கழியைக் கீழே வைத்தார்.

"நான்தான் தம்பி பழக்கியிருக்கிறன். முந்தாதை, முந்தாதை எண்டு ஏசி ஏசி, சரியா ஆடின பிள்ளையைப் பிந்தி ஆடப் பழக்கியிருக்கிறன்" என்றார். அவர் சொன்னபடி ஆடினால் லண்டனில் பாட்டோடு கால் ஒட்டாது. அங்கே பாட்டோடு ஆடினால் இங்கே ஏச்சு விழும். பிள்ளை ஒரு கிழமை சரியாக, ஒரு கிழமை பிழையாக ஆடியதற்கு இதுதான் காரணம். அவள் இத்தனை நாளும் இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்திருக்கிறாள். டீச்சர் திரைக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தார். ஒரு குரு தன் மாணவியிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "பிழை என்னிலதான் பிள்ளை. நான் சொன்னதெல்லாத்தையும் மறந்திட்டு, உன்ரை காதுக்கு எப்பிடிக் கேக்குதோ அப்பிடி ஆடு பாப்பம்."

அபிராமி முதலில் தயங்கினாள். தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாட்டைப் போட்டாள். சில அடிகள் தடுமாறின. அதற்குப் பிறகு காலும் சலங்கையும் பாட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. நாட்டியம் தெரியாத எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்து அறையில் கூட இருமல் நின்றிருந்தது, டீச்சரின் மனுசன் கதவோரம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்துக்குச் சரி சொல்லுங்கோ என்று தாயிடம் சொன்னார். அலுமாரியின் மேலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று ரமீஸ் கேட்டிருப்பான், நல்லவேளை அவன் அங்கே இல்லை. கிரிக்கெட் வர்ணனை கேட்க அதை மனுசன் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு ஒன்று மட்டும் மனதில் உறுத்தியது. கிளம்புகிற நேரத்தில் திரைக்கு முன் குனிந்து அபிராமியிடமே கேட்டேன். உனக்கு அங்கே சரியாகத்தானே கேட்டிருக்கும், ஏன் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பிள்ளை சலங்கையை அவிழ்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"எனக்கு இங்க எல்லாம் சரியாத்தான் கேட்டது அங்கிள், அம்மாதான் டீச்சரோட எதிர்க்கதை கதைக்கக்கூடாது எண்டு சொன்னவ."

கணினியில் எந்தச் சத்தம் வராவிட்டாலும் எந்தப் பெட்டியில் 'டிக்' போடவேண்டும் என்று சொல்லிவிடுகிற நான், மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் சத்தம் வருவதற்கு எந்தப் பெட்டி என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.